மதுக் கிடங்குகளில் அலைந்த மேதை

லூயி பாஸ்டர் என்றதும் நமக்கு நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். நீலகிரி மலையில் குன்னூரில் 1907-ம் ஆண்டு தொடங்கிய நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1900-ல், இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்துவிட்டது. மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்குகிற பால் பாக்கெட்டில் பாஸ்டுரைஸ்டு என்று அச்சிட்டிருக்கிறதே, அதுவும் அவர் பெயர்தான்.

ஆனால் அந்தப் பெயர் பாலுக்கும் ஊசிக்கும் வருவதற்கு முன்பு மதுப் பீப்பாய்களையே சுற்றிச் சுற்றி வந்தது. 1856-ம் ஆண்டிலிருந்து 1876-ம் ஆண்டு வரை, இருபது ஆண்டுகள், அவர் சாராய ஆலை, ஒயின் நிலவறை, காடி தயாரிக்கும் கொட்டகை, பீர் ஆலை என்று ஊர் ஊராக அலைந்தார். போன இடமெல்லாம் அந்த ஊர்ச் சரக்கைக் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் நாக்கில் விட்டுப் பார்த்ததை அவர் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் வேறுபாடு.

பாஸ்டர் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, பிரான்சு நாட்டின் கிழக்கே ஜூரா மலைப்பகுதியில் உள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் சார்ஜண்டாக இருந்தவர். படை கலைந்த பிறகு குலத்தொழிலான தோல் பதனிடும் வேலைக்குத் திரும்பினார். பாஸ்டர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றங்கரையில் வீடு. வீட்டோடு சேர்ந்தாற்போல் பட்டறை. ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்.

ஆர்புவாவில் பிறந்த பிள்ளைக்கு ஒயின் என்பது கேளிக்கைப் பொருள் அல்ல. தஞ்சாவூர்க்காரருக்கு நெல் எப்படியோ அப்படி. விளைச்சல், விலை, கடன், கல்யாணம் எல்லாம் அதிலேதான். அந்த ஊருக்கென்று மஞ்சள் நிறத்தில் தனி ஒயின் ஒன்று உண்டு. பீப்பாயில் ஊற்றி, குறைந்ததை நிரப்பாமல், ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே விட்டுவிடுவார்கள். மேலே ஆடை படரும். அந்த ஆடைக்கு அடியில்தான் மது முதிரும். ஏன் இப்படி ஆகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. பாட்டன் காலத்து வழக்கம், அவ்வளவே.

அந்த ஊரில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1831-ம் ஆண்டு வெறி பிடித்த ஓநாய் ஒன்று அக்கம்பக்கத்தில் பலரைக் கடித்துக் குதறிவிட்டது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குத் தூக்கி வந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். அந்த அலறலைக் கேட்டபோது பாஸ்டருக்கு வயது எட்டு.

ஊர் ஏக்கம்

படிப்பில் பாஸ்டர் ஆரம்பத்தில் சாதாரணம்தான். படம் வரைவதில்தான் கெட்டிக்காரர். பதினைந்து வயதில் மேற்படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். பையனால் அங்கே இருக்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. தந்தையின் பட்டறைத் தோல் வாடையை ஒருமுறை முகர்ந்தால் போதும், உடம்பு சரியாகிவிடும் என்று உடன் வந்த நண்பனிடம் சொல்லிப் புலம்பினார். சில வாரங்களில் தந்தையே நேரில் வந்து பேச்சில்லாமல் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். வெளி மாநிலத்தில் ஒற்றை அறையில் முதல் மாதத்தைக் கழித்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடியும் பாரிசுக்குப் போனார். ஆசிரியர்களை உருவாக்கும் உயர்தரக் கல்லூரிக்குத் தேர்வு எழுதித் தேறினார். தரவரிசையில் பின்னால் வந்துவிட்டோம் என்று மனம் பொறுக்காமல், கிடைத்த இடத்தை விட்டுவிட்டு மீண்டும் எழுதி, 1843-ல் முன்வரிசையில் இடம் பிடித்தார். பிடிவாதம் பிறவிக் குணம்.

அவருடைய முதல் கண்டுபிடிப்பே மதுப் பீப்பாயிலிருந்துதான் வந்தது. ஒயின் பீப்பாயின் உட்புறத்தில் உப்புப் போல ஒரு பொருள் படியும். டார்ட்டாரிக் அமிலம் அதிலிருந்து கிடைக்கிறது. நம் வீட்டுப் புளியின் புளிப்புக்குக் காரணமான அமிலமும் அதுவே. அதோடு ஒட்டிய இன்னொரு அமிலத்தின் உப்புப் படிகங்களை 1848-ம் ஆண்டு பாஸ்டர் உற்றுப் பார்த்தார். வலது கையும் இடது கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு வகைப் படிகங்கள் கலந்து கிடந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்தார். அப்போது அவருக்கு வயது 25. வேதியியலில் ஒரு புதிய கிளையே அந்தக் குவியல்களிலிருந்து முளைத்தது.

அந்த அமிலம் எங்கிருந்து வருகிறது என்று அறிய 1852-ல் லைப்சிக், வியன்னா, பிராக் என்று ஜெர்மன், ஆஸ்திரிய ஆலைகளைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். ஆலையைத் தேடிப் போய் அங்கேயே பாடம் படிக்கும் பழக்கம் இப்படித் தொடங்கியது. இதற்கிடையில் 1849-ல் ஸ்டிராஸ்பர்க் நகரில் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டு மரி லோரான் என்ற பெண்ணை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக் குறிப்புகளை இரவு நேரத்தில் எழுதித் தந்தவர் அந்த அம்மையார்தான்.

பீட்ரூட் சாராயம்

1854-ல் பாஸ்டர் லீல் என்ற தொழில் நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். ஆலைகள் நிறைந்த ஊர். 1856-ல் அவருடைய மாணவன் ஒருவனின் தந்தை, பிகோ என்பவர், அவரிடம் ஓடி வந்தார். பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் வடிப்பவர். சில தொட்டிகளில் சாராயம் நன்றாக வருகிறது, சிலவற்றில் புளித்து நாற்றமடித்துப் பாழாகிறது, பணம் போகிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

பாஸ்டர் தினமும் அந்த ஆலைக்குப் போனார். நல்ல தொட்டியிலிருந்து கொஞ்சம், கெட்ட தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தார். நல்ல சாற்றில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. கெட்டுப் போனதில் சிறு குச்சிகள் போன்றவை மொய்த்துக் கிடந்தன.

அன்றைய வேதியியல் மேதைகள், குறிப்பாக ஜெர்மனியின் லீபிக், சாறு புளித்துப் பொங்குவது ஒரு பொருள் அழுகிச் சிதைவதால் வரும் மாறுதலே என்று அடித்துச் சொல்லி வந்தார்கள். அதில் உயிருக்கு வேலை இல்லை என்பது அவர்கள் கட்சி. பாஸ்டர் மாறாகச் சொன்னார்: உயிருள்ள அணுக்கள்தான் பொங்கவைக்கின்றன, ஒவ்வொரு வகைப் பொங்கலுக்கும் ஒவ்வொரு வகை அணு. பாலைப் புளிக்கவைக்கும் அணுவைப் பற்றி 1857-ல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் பிள்ளையார் சுழி.

நம் பனையேறிகளுக்கு இதில் பாதி தெரியும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சுண்ணாம்பு எதைத் தடுக்கிறது என்பதுதான் மறுபாதி. கண்ணுக்குத் தெரியாத அந்த அணுக்களைத்தான் தடுக்கிறது.

1863-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். 1860-ல் இங்கிலாந்தோடு வாணிப ஒப்பந்தம் ஆகியிருந்தது. பிரெஞ்சு ஒயினுக்குப் பெரிய சந்தை திறந்தது. ஆனால் போய்ச் சேர்வதற்குள் சரக்கு கெட்டுவிடுகிறது என்று புகார். ஒன்று புளிக்கிறது. பர்கண்டிச் சரக்கு கசக்கிறது. வெள்ளை ஒயின் எண்ணெய் மாதிரி இழுபடுகிறது.

பாஸ்டர் நேராகச் சொந்த ஊருக்குப் போனார். ஆர்புவா நகராட்சி இடம் தர முன்வந்தது. வேண்டாம் என்றார். நகராட்சியிடம் கடமைப்பட விருப்பமில்லை. ஊர் எல்லையில் மூடிக் கிடந்த பழைய காபிக் கடை ஒன்றை எடுத்து ஆராய்ச்சிக் கூடமாக்கினார். எரிவாயு கிடையாது, கரி அடுப்பும் துருத்தியும்தான். கருவிகளை உள்ளூர்த் தச்சரும் தகர வேலைக்காரரும் செய்து கொடுத்தார்கள். மாணவர்களே பொது ஊற்றில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். பால்ய நண்பர்கள் தங்கள் நிலவறைகளைத் திறந்துவிட்டார்கள்.

வண்டலில் ஒரு சொட்டைப் பார்த்தே இது கசக்கும், இது புளிக்கும், இது இழுபடும் என்று அவர் சொல்லத் தொடங்கினார். வாயில் விடவே இல்லை. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிக் கிருமி உண்டு என்று காட்டினார். காற்றுப் படாமல், கொதிக்கவிடாமல், 50 முதல் 60 டிகிரி வரை சற்று நேரம் சூடாக்கினால் அந்தக் கிருமிகள் அழியும், சுவை போகாது என்று கண்டார். உணவைச் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் வழியை ஆப்பெர் என்ற பிரெஞ்சுக்காரர் முன்பே கையாண்டிருந்தார். ஆனால் ஏன் கெடுகிறது, எவ்வளவு சூடு போதும் என்பதற்குக் கணக்குக் கொடுத்தவர் பாஸ்டர்.

ஒயின் வியாபாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள். ஒயினை அடுப்பில் வைப்பதா! கடற்படை சோதனை செய்தது. ஜான் பார் என்ற கப்பலில் 500 லிட்டர் ஒயினை ஏற்றினார்கள். பாதி சூடாக்கியது, பாதி சூடாக்காதது. பத்து மாதம் கழித்துக் கப்பல் திரும்பியது. சூடாக்கியது தெளிவாக, இதமாக இருந்தது. மற்றது புளிப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

இப்படி வெற்றி மேல் வெற்றி வந்த அதே காலத்தில் வீட்டில் அடுத்தடுத்துச் சாவு. மூத்த மகள் ழான் 1859-ல், ஒன்பது வயதில், டைபாய்டு காய்ச்சலில் ஆர்புவாவிலேயே இறந்தாள். 1865-ல் தந்தை போனார். அதே ஆண்டு இரண்டு வயது மகள் கமில். மறு ஆண்டு பன்னிரண்டு வயது செசில், மீண்டும் டைபாய்டு. ஒயினுக்கு வந்த நோயின் கிருமியைப் படம் வரைந்து காட்டிய மனிதருக்குத் தன் பிள்ளைகளைக் கொண்டுபோன நோயின் கிருமியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்று உலகில் யாருக்கும் தெரியாது. மதுவுக்கு நோய் கிருமியால் வருகிறதென்றால் மனிதனுக்கும் அப்படித்தானே வரும் என்ற கேள்வியை அவர் அதற்குப் பிறகு விடவே இல்லை.

1865-ம் ஆண்டு முதல் பட்டுப்புழு நோயை ஆராயத் தெற்குப் பிரான்சில் அலைந்தது தனிக் கதை. 1868 அக்டோபரில் பக்கவாதம் தாக்கியது. வயது 45. இடது கையும் காலும் கடைசி வரை முழுதாகச் சரியாகவில்லை. இனிமேல் சொல்லப்போகிற பயணங்களையெல்லாம் இடது காலை இழுத்து இழுத்து நடந்துதான் செய்தார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1870 ஜூலையில் ஆஸ்திரியப் பக்கமிருந்து திரும்பும் வழியில் மூனிச் நகரில் இறங்கி, தன் எதிராளி லீபிக்கைப் பார்க்கப் போனார். முன்னறிவிப்பு இல்லை. முதியவர் நின்றபடியே மரியாதையாக வரவேற்றார். விவாதம் என்றதும் உடம்பு சரியில்லை என்று தட்டிக் கழித்துவிட்டார். பாஸ்டர் கிளம்பி வந்தார். சில நாட்களில் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது.

பழி தீர்க்க ஒரு பீர்

போரில் பிரான்சு மண்ணைக் கவ்வியது. பாஸ்டரின் ஒரே மகன் படையில் இருந்தான். தோற்றுச் சிதறிய படை பனியில் பின்வாங்கி வருகிறது என்று கேள்விப்பட்டு, 1871 ஜனவரியில் பழைய வண்டி ஒன்றில் மனைவி, மகளுடன் தேடிப் புறப்பட்டார். பசியாலும் குளிராலும் விழுந்து கிடந்த சிப்பாய்களைத் தாண்டித் தாண்டிப் போய், கடைசியில் மகனை உயிரோடு கண்டார். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் தமக்குத் தந்திருந்த டாக்டர் பட்டத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஸ்டிராஸ்பர்க் உட்பட அல்சாஸ் பகுதி எதிரி கைக்குப் போயிற்று. கோபம் ஆறவில்லை. துப்பாக்கி பிடிக்க உடம்பு இடம் தராது. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜெர்மானியருக்குப் பெருமை தருவது பீர். அந்தப் பீரில் அவர்களைத் தோற்கடித்தால் என்ன?

விஞ்ஞானிக்கு வரக்கூடிய யோசனையா இது என்று சிரிக்கலாம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. மாணவர் டூக்ளோ வேலை பார்த்த கிளெர்மோன் நகருக்குப் போனார். பக்கத்தில் ஷமாலியேர் என்ற இடத்தில் சிறிய பீர் ஆலை ஒன்று இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். பார்லியை முளைகட்டி, காயவைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் விடுகிறார்கள். எந்தக் கட்டத்தில் கெட்ட கிருமி நுழைகிறது? கொதிக்கும்போது எல்லாம் செத்துவிடுகிறது. திறந்த தட்டுகளில் ஆறவிடுகிறார்களே, அப்போது நுழைகிறது. ஊற்றுகிற ஈஸ்டோடு சேர்ந்தும் நுழைகிறது. காற்றுப் படாமல் ஆறவைத்துச் சுத்தமான ஈஸ்டை விடவேண்டும் என்பதே அவர் கண்ட வழி. 1871-லேயே அதற்குப் பேட்டன்ட் எடுத்தார். அந்த முறையில் தயாரிக்கும் பீருக்குத் தேசப் பழிவாங்கல் பீர் என்று பெயர் வைக்க விரும்பினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் சென்றார். அங்கே விட்பிரெட் என்ற பெரிய பீர் ஆலைக்குள் நுழைந்து, போர்ட்டர் எனப்படும் கறுப்புப் பீரின் ஈஸ்டைக் கொஞ்சம் காட்டச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டைகளுக்கு நடுவே வேண்டாத இழைகள். இந்த ஈஸ்டில் செய்த பீர் சரியாக இருக்காதே என்றார். நிர்வாகிகள் முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள். அந்நியர் ஒருவர் வந்து ஒரு சொட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் ரகசியத்தைச் சொல்கிறார்! மெல்ல உண்மை வெளிவந்தது. அந்தச் சரக்கைப் பற்றிப் புகார் வந்திருந்தது. வேறு ஆலையிலிருந்து புது ஈஸ்டுக்கு ஏற்பாடும் செய்திருந்தார்கள். ஒரு வாரம் ஆகும் முன் பாஸ்டர் மீண்டும் போனபோது ஆலையில் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள்.

பாரிசுக்குத் திரும்பியதும் தம் ஆராய்ச்சிக் கூடத்தின் அடித்தளத்திலேயே குட்டிப் பீர் ஆலை ஒன்று அமைத்தார். இங்கேதான் ஒரு வேடிக்கை. பாஸ்டருக்குப் பீர் பிடிக்காது! சுவை வித்தியாசமும் அவ்வளவாகத் தெரியாது. அதற்கு அவர் நம்பியது பெர்தேன் என்ற பழைய கல்லூரித் தோழரை. ஸ்டிராஸ்பர்க்கிலும் உடன் வேலை பார்த்தவர், இப்போது பக்கத்து வீட்டுக்காரர், நல்ல ரசிகர். புதுப் பீரைக் குடித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்குவார். முதலில் குடிக்கும்படியாக ஒரு கோப்பை கொடு, பிறகு உன் விஞ்ஞானத்தைப் பேசு என்று கேலி செய்வார். பாஸ்டர் கோபிக்காமல் மறுபடியும் அடுப்பை மூட்டுவார். பெரிய அளவிலான சோதனைகள் நான்சி நகருக்கு அருகே டான்டோன்வில் என்ற ஊரின் ஆலையில் நடந்தன.

1876-ல் பீரைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. ஒயின் நூலைப் பேரரசருக்குக் காணிக்கையாக்கியவர், இதைத் தோல் பதனிட்ட தன் தந்தையின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

பழி தீர்ந்ததா? இல்லை. ஜெர்மன் பீர் ஜெர்மன் பீராகவே இருந்தது. அவருடைய முறையின் பலன் எல்லை பார்க்காமல் எல்லா நாட்டு ஆலைகளுக்கும் போய்விட்டது. அதிகம் போற்றியவர் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆலையை நிறுவிய ஜேக்கப்சன். தம் ஆலையில் ஆராய்ச்சிக் கூடம் கட்டி, பாஸ்டருக்குச் சிலையும் செய்து வைத்தார். 1884-ல் மருத்துவ மாநாட்டுக்காகக் கோபன்ஹேகன் போன பாஸ்டர் அந்த ஆலையைப் பார்வையிட்டார். அதற்கு முந்தின ஆண்டுதான் அங்கே ஹான்சன் என்பவர் ஒரே ஓர் ஈஸ்ட் அணுவிலிருந்து கலப்பில்லாத ஈஸ்டை வளர்த்துக் காட்டியிருந்தார். பீரைக் கெடுப்பது பாஸ்டர் சொன்ன கிருமிகள் மட்டுமல்ல, சில காட்டு ஈஸ்டுகளும்தான் என்பது ஹான்சன் செய்த திருத்தம்.

ஒயின் விவகாரம் மட்டும் அவரை விடவில்லை. 1878-ல் காலமான நண்பரும் பெரிய உடலியல் அறிஞருமான கிளோட் பெர்னாரின் குறிப்புகள் அச்சில் வந்தன. ஈஸ்ட் இல்லாமலே திராட்சைச் சாறு மதுவாகும் என்ற பொருள்பட அதில் எழுதியிருந்தது. பாஸ்டர் துடித்துப் போனார். ஆர்புவா அருகே 1874-ல் வாங்கியிருந்த சொந்தத் திராட்சைத் தோட்டத்துக்குக் கண்ணாடிக் கூடுகளைக் கொண்டுபோய், காய் பழுப்பதற்கு முன்பே கொடிகளை மூடினார். சில குலைகளைப் பஞ்சால் பொதிந்தார். ஈஸ்ட் பழத்தோலின் மேல் வந்து ஒட்டுவது பழுக்கும் பருவத்தில்தான் என்பது அவர் கணிப்பு. அக்டோபரில் பறித்துப் பிழிந்தார். வெளியில் பழுத்த பழத்தின் சாறு பொங்கியது. மூடி வைத்ததன் சாறு அசையாமல் கிடந்தது. அந்தக் குலைகளை நலுங்காமல் ரயிலில் பாரிசுக்குக் கொண்டுபோய் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார்.

அதற்குப் பிந்திய கதையை எல்லோரும் அறிவார்கள். ஆங்கில அறுவை மருத்துவர் லிஸ்டர், பொருள்கள் அழுகுவதைப் பற்றிய பாஸ்டரின் எழுத்தைப் படித்துத்தான் 1865 முதல் காயங்களில் கிருமி நுழையாமல் தடுக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 1874-ல் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். பாலைச் சூடாக்கும் முறையைப் பின்னால் மற்றவர்கள் பரப்பினார்கள். 1885 ஜூலை 6-ந் தேதி அல்சாசிலிருந்து வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரைத் தாய் அழைத்து வந்தாள். பாஸ்டர் மருத்துவர் அல்ல. மருத்துவர்களைக் கொண்டு ஊசி போடச் செய்தார். பையன் பிழைத்தான். 1888-ல் பாரிசில் பாஸ்டர் நிலையம் எழுந்தது.

கடைசிக் காலத்தில் சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கிட்டத்தில் வைத்துப் பார்ப்பார். கோப்பையைத் துடைக்காமல் தண்ணீர் குடிக்கமாட்டார். விருந்துக்கு அழைத்தவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

1895 செப்டம்பர் 28-ந் தேதி பாரிசுக்கு வெளியே உயிர் பிரிந்தது. உடலைப் பாஸ்டர் நிலையத்தின் அடித்தளத்தில் ஒரு சிறு மண்டபம் கட்டி அடக்கம் செய்திருக்கிறார்கள். அதன் சுவரிலும் விதானத்திலும் வண்ணச் சில்லுகளால் அவருடைய வாழ்நாள் வேலைகளைச் சித்திரமாக்கியிருக்கிறார்கள். வெறிநாய் இருக்கிறது, ஆடு இருக்கிறது, பட்டுப்புழுவுக்கான மல்பெரி இலை இருக்கிறது. அவற்றோடு ஆர்புவாவின் திராட்சைக் கொடியும், பீருக்கான ஹாப் கொடியும் படர்ந்திருக்கின்றன.